கேட்கக் கற்க ஏழு வருடம்

எங்கள் ஆயாவின் ஆஸ்பத்திரிக் கோப்பில் ஒரு வரி இருந்தது: "யாரோ அழும் குரல் கேட்பதாகச் சொல்கிறார்."

1980களின் கடைசி அது. தாத்தா இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஆயா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, விளக்குப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அத்தை அவரைத் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் வாழும் டர்பன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆயாவுக்கு ஆங்கிலம் கடைத்தெரு அளவுக்குத்தான். நோயாளியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அத்தையை வெளியே நிறுத்திவிட்டார்கள். வார்டு துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குத் தமிழ் வரும் என்று அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆயா சொன்னது இது: "உள்ளுக்குள்ள யாரோ அழுதுகிட்டே இருக்கிற மாதிரி இருக்கும்மா."

அந்த அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். 'மாதிரி' மட்டும் வழியில் விழுந்துவிட்டது. இல்லாத குரல் கேட்கிறது என்று எழுதி, அதற்கான மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக ஆயா அதை விழுங்கினார். வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, பேச்சு இன்னும் குறைந்தது. பிறகு வேறொரு டாக்டர் பழைய கோப்பைப் புரட்டினார். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்னதை ஆயாவையே திரும்பச் சொல்ல வைத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்பது ஒரு வேலை என்றோ, அதற்குப் படிப்பும் பழக்கமும் வேண்டும் என்றோ அந்த அறையில் யாரும் நினைக்கவில்லை. என் சித்தப்பா மகள் இப்போது கிளினிக்கல் உளவியலாளர். அவள் பிறக்கும் முன்பே ஆயா போய்விட்டார். ஆனால் அந்த ஒரு வரியைப் பற்றி வீட்டில் கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்தாள். உளச்சிகிச்சையாளர் ஒருவர் இந்த நாட்டில் எப்படி உருவாகிறார், உள்ளே என்ன செய்கிறார் என்பதில் எனக்குத் தெரிந்த பாதி அவள் வழியாக வந்தது.

நம் வீடுகளில் இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில் வரும். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவங்க" என்பது ஒன்று. "காசு வாங்கிட்டுப் பேசுறவங்க, அதை நம்ம பெரியம்மா சும்மாவே செய்வாங்களே" என்பது இன்னொன்று. இரண்டாவது பதிலுக்குத்தான் விளக்கம் சொல்லியாக வேண்டும். பெரியம்மா நல்ல மனசோடு கேட்பார். ஆனால் பாதியில் தன் கதைக்குப் போய்விடுவார். உங்கள் அழுகை அவருக்குத் தாங்காது, அதனால் சீக்கிரம் ஆறுதல் சொல்லி மூடிவிடுவார். உங்கள் கல்யாணம், உங்கள் வீடு, உங்கள் அம்மாவோடு உங்களுக்கு இருக்கும் சண்டை எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதற்கேற்ற ஆசையும் இருக்கிறது. உளச்சிகிச்சையாளருக்கு அந்தப் பங்கு கிடையாது. கிடையாதபடி பார்த்துக்கொள்வதற்கே பயிற்சியில் பெரும் பகுதி போகிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மனநல மருத்துவர் என்பவர் டாக்டர். தென்னாப்பிரிக்காவில் ஆறு வருட மருத்துவப் படிப்பு, இரண்டு வருட ஹவுஸ்மேன் பயிற்சி, ஒரு வருட சமூகச் சேவை, அதன் பிறகு மனநல மருத்துவத்தில் நான்கு வருடம் படித்தவர். மாத்திரை எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. உளவியலாளர் மாத்திரை எழுத முடியாது. பேச்சு வழியாகவும் பழக்கங்களை மாற்றுவது வழியாகவும் சிகிச்சை தருகிறவர் அவர். 'சைக்கோதெரபிஸ்ட்' என்பது இங்கே தனிப் பதிவு வகை இல்லை. உளச்சிகிச்சை செய்கிற பெரும்பாலானோர் கிளினிக்கல் அல்லது கவுன்சலிங் உளவியலாளராக, சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலின் உளவியல் வாரியத்தில் பதிவு செய்தவர்கள். 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டப்படி இயங்கும் கவுன்சில் அது. இவர்களுக்கு ஒரு படி கீழே, நான்கு வருடப் படிப்போடு, பதிவு பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். குறுகிய கால உதவி, முதல் கட்டத் தாங்கல் இவற்றுக்கானவர்கள் அவர்கள்.

ஏழு வருடக் கணக்குக்கு வருகிறேன். மூன்று வருடம் இளங்கலை. அதற்கு மேல் ஒரு வருடம் ஹானர்ஸ் என்ற சிறப்புப் படிப்பு. அடுத்தது முதுகலை. இங்கேதான் கதவு குறுகுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் முதுகலைக்குச் சுமார் பத்து இடம் இருக்கும். விண்ணப்பிப்பவர்கள் நூற்றுக்கணக்கில். மதிப்பெண் மட்டும் போதாது. தன் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள், குழுவாக உட்கார வைத்துப் பார்ப்பார்கள், நேர்காணல் நடக்கும். உன்னிடம் என்ன காயம் இருக்கிறது, அதை உனக்குத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். காயம் இருப்பது தடை இல்லை. இருப்பது தெரியாமல் இருப்பதுதான் தடை. என் தங்கைக்கு மூன்றாவது முயற்சியில்தான் இடம் கிடைத்தது. இடையில் இரண்டு வருடம் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தாள்.

முதுகலையின் பாட வருடத்துக்குப் பிறகு பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப். 2003இலிருந்து கிளினிக்கல் உளவியலாளர்களுக்கு அரசு இடத்தில் ஒரு வருட சமூகச் சேவையும் கட்டாயம். நடுவில் வாரியத் தேர்வு ஒன்றும் உண்டு. கூட்டினால் ஏழு. எங்கும் தாமதம் இல்லாமல் போனால்தான் அந்தக் கணக்கு.

டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வந்து சேர்வார்கள். அங்கே ஃபோர்ட் நேப்பியர், 1843இல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கிய பழைய கோட்டை, இப்போது மனநல ஆஸ்பத்திரி. குற்ற வழக்கில் சிக்கியவர் செய்தது என்னவென்று அறிந்துதான் செய்தாரா என்று நீதிமன்றம் கேட்கும்போது, முப்பது நாள் கண்காணிப்பில் வைத்துப் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். அதே ஊரில் டவுன்ஹில். 1880இல் நேட்டால் அரசு மனநோய் விடுதியாகத் திறந்த இடம். கரும்புத் தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்ட இந்தியக் கூலிகளும் உண்டு. நம்மில் பலருடைய குடும்பத்தில் 'மலைமேல் போனவர்' என்று ஒரு கொள்ளுத்தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

இன்டர்ன் வருடத்தில் உடலைவிட மனசு களைப்பாகும். காலையில் வார்டு ரவுண்டு, பகலில் நோயாளிகள், சாயங்காலம் மேற்பார்வை. இந்த மேற்பார்வையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலின் அச்சாணி அதுதான். நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்திருப்பார்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஓட விடுவார். தங்கை ஒரு தடவை நடந்ததைச் சொன்னாள். மகனை இழந்த ஒரு அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். "அவன் செருப்பு இன்னும் வாசல்லதான் இருக்கு" என்று நிறுத்துகிறார். பதிவில் சத்தமே இல்லை. பிறகு தங்கையின் குரல்: "உங்களுக்குத் தூக்கம் வருதா?" மூத்தவர் அங்கே நிறுத்தினார்.

"எத்தனை நொடி பொறுத்தாய்?"

"நாலு இருக்கும்."

"ஏன் பேசினாய்?"

"அவர் அழப் போறார்னு தோணுச்சு."

"அழுதால்?"

அவளிடம் பதில் இல்லை. "அண்ணா, அந்தக் கேள்வியை நான் அவரைக் காப்பாத்தக் கேக்கலை. என்னைக் காப்பாத்திக்கத்தான் கேட்டிருக்கேன்" என்றாள் என்னிடம். இப்படி ஒவ்வொரு நொடியையும் பிரித்துப் பார்ப்பார்கள், வாரா வாரம், வருடக்கணக்கில். அதனால்தான் பயிற்சி பெறுகிறவர்கள் தாங்களே ஒரு உளச்சிகிச்சையாளரிடம் போக வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். எதிரே உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். தன் துக்கம் எங்கே முடிகிறது, அடுத்தவர் துக்கம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிய வேண்டும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? அறை பெரும்பாலும் சாதாரணமானது. இரண்டு நாற்காலி, நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருக்கும். பார்வையை வேறு பக்கம் திருப்ப இடம் வேண்டும் என்பதற்காக. டிஷ்யூ டப்பா நோயாளியின் கை எட்டும் தூரத்தில் இருக்கும். எடுத்து நீட்டினால் 'அழுகையை நிறுத்து' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருப்பார்கள். கடிகாரம் நோயாளியின் தலைக்குப் பின்னால், சிகிச்சையாளருக்குக் கண்ணைத் திருப்பாமலே தெரிகிற இடத்தில். ஒரு அமர்வு ஐம்பது நிமிடம்.

முறைகள் பல. பழைய உறவுகள் இன்றைய உறவில் எப்படித் திரும்ப வருகின்றன என்று தேடுவது ஒன்று. நினைப்பையும் நடத்தையையும் பிடித்து மாற்றுவது இன்னொன்று. குடும்பத்தையே ஒரே நோயாளியாகப் பார்ப்பதும் உண்டு. எல்லாவற்றையும் விளக்க இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் அதன் வேர் இந்த மண்ணிலேயே இருக்கிறது.

ஜோசஃப் வோல்ப்பி, 1915இல் ஜோகனஸ்பர்க்கில் பிறந்த டாக்டர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்தபோது, போர் அதிர்ச்சியோடு வந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துப் பேச வைத்தார்கள். அது பெரிதாகப் பலன் தரவில்லை. திரும்பி வந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். உடல் தளர்ந்து அமைதியாக இருக்கும்போது அதே உடல் பயப்பட முடியாது என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல். அப்படியானால் பயத்தைப் படிப்படியாக, அமைதியோடு சேர்த்துச் சந்திக்க வைக்கலாம். 1958இல் அவர் வெளியிட்ட இந்த முறை உலகம் முழுக்கப் போனது. பிறகு வந்தவர்கள் அதை மாற்றியும் சுருக்கியும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் படிக்கட்டு என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது.

இதை டர்பனுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வீட்டு கேட் திறக்கக் காத்திருந்தபோது துப்பாக்கி முனையில் காரைப் பறிகொடுத்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர் ஒருவராவது இல்லாத தெரு இங்கே குறைவு. ஆறு மாதமாக அவர் கார் ஓட்டவில்லை. கேட் மோட்டார் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து ஒரு ஏணி வரைவார். கீழ்ப்படியில், சமையலறை ஜன்னலில் நின்று மூடிய கேட்டைப் பார்ப்பது. அப்புறம், பகலில் முற்றத்தில் நிற்கும்போது யாராவது கேட்டைத் திறந்து மூடுவது. அதற்கு மேலே, இஞ்சினைப் போடாமல் காரில் உட்காருவது. இன்னும் மேலே போனால் கணவர் பக்கத்தில் இருக்க வெளியே போய் வருவது, கடைசியாக இருட்டிய பிறகு தனியாக வந்து கேட் முன்னால் நிற்பது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஓடினால் பயம் வளரும். நின்றால் உடல் கற்றுக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு, இங்குள்ள சிகிச்சையாளர்கள் அதை மறக்க மாட்டார்கள். இந்தப் பெண்ணின் பயத்தில் ஒரு பங்கு நியாயமானது. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறப்பது நோய் இல்லை, புத்தி. எவ்வளவு பயத்தை எடுப்பது, எவ்வளவை விட்டுவைப்பது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது.

பயிற்சி வரலாற்றில் ஒரு கசப்பான பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. நிறவெறி ஆட்சியை வடிவமைத்த ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட், 1958 முதல் 1966 வரை பிரதமராக இருந்தவர், படிப்பால் உளவியலாளர். 1924இல் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய முனைவர் பட்டம் உணர்வுகள் மழுங்கிப் போவதைப் பற்றியது. பிறகு அங்கேயே பயன்பாட்டு உளவியல் பேராசிரியர் ஆனார். மனசைப் படித்த ஒருவர் இத்தனை லட்சம் மனசுகளை மிதித்தார் என்பது எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

சங்கமும் பிளந்தது. 1950களில் ஜோசஃபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளிப் பெண் உளவியல் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். சேர்க்கலாமா என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் நிறம் பார்க்காமல் சேர்க்கலாம் என்று முடிவானதும், வெள்ளையருக்கு மட்டும் என்று 1962இல் ஒரு பகுதி பிரிந்து தனிக் கழகம் வைத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் விண்ணப்பப் படிவம் ஒரு தொழிலையே இரண்டாக்கியது. எல்லோருக்குமான இன்றைய உளவியல் சங்கம் 1994இல்தான் பிறந்தது.

யார் யாரிடம் மனம் திறக்கலாம் என்பதைக்கூட அப்போது அரசுதான் தீர்மானித்தது. ஆயா வாழ்ந்தது மேகசின் பாரக்ஸில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு. தமிழும் தெலுங்கும் சுவருக்குச் சுவர் கேட்கும் இடம். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின்படி 1960களில் எல்லோரையும், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் என்ற புறநகருக்கு ஏற்றி அனுப்பினார்கள். புது வீட்டில் பக்கத்து வீடு யாருடையது என்று தெரியவில்லை. தாத்தா இறந்தபோது ஆயாவுக்கு ஒப்பாரி வைக்கக்கூடப் பழைய கூட்டம் இல்லை. அவர் சொன்ன அந்த அழுகையில் இதுவும் சேர்ந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் கதவைத் தள்ளித் திறந்தவர்களும் இருந்தார்கள். இந்த நாட்டின் முதல் கறுப்பினக் கிளினிக்கல் உளவியலாளர் என்று சொல்லப்படும் சபானி மங்கான்யி பாரக்வனாத் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். டர்பனில் பிறந்த சதாசிவன் கூப்பர், எல்லோருக்கும் 'சாத்ஸ்', ஸ்டீவ் பிக்கோவோடு கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தில் இருந்தவர். அதற்காக ஐந்து வருடத்துக்கும் மேல் ராபன் தீவில், மண்டேலா இருந்த பிரிவிலேயே சிறையிருந்தார். வெளியே வந்து கிளினிக்கல் உளவியலாளர் ஆனார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2012இல் கேப் டவுனில் சர்வதேச உளவியல் மாநாடு கூடியது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதல் தடவையாக. அந்த ஆண்டு உலக உளவியல் ஒன்றியத்தின் தலைவராகவும் அவர் ஆனார். சதாசிவன் என்ற பெயர் அந்த மேடையில் ஒலித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

இனி நம் சமூகத்துக்குள் நடக்கும் வேலைக்கு வருகிறேன்.

ஈஸ்டர் நாட்களில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். கேட்டோ மேனர் பக்கம் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி நடக்கும். தைப்பூசத்தில் காவடி. உடுக்கைச் சத்தம் ஏறும்போது ஒருவருக்குச் சாமி வரும். கண் நிலைகுத்தும், உடம்பு உதறும், குரல் மாறும். வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர் இதைப் பார்த்தால் என்ன எழுதுவார்? ஆயாவுக்கு எழுதிய மாதிரியே எழுதுவார். பயிற்சி பெற்றவர் அப்படி எழுத மாட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடே, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் இப்படிப்பட்ட நிலையை நோயாகக் கணக்கிடக் கூடாது என்கிறது. ஆனால் 'இது பண்பாடு' என்று கையை விட்டுவிடவும் கூடாது. வேலை அந்த இடத்தில்தான் நுணுக்கமாகிறது. திருவிழாவில் வந்து, திருநீறு பூசியதும் போய், மறுநாள் அந்தப் பெண் வழக்கம்போல வேலைக்குப் போகிறாள் என்றால் அது வழிபாடு. ஒரு புதன்கிழமை மத்தியானம் சூப்பர்மார்க்கெட் வரிசையில் வருகிறது, போக மறுக்கிறது, அவளுக்கே அது வேண்டாம், கோயில் பெரியவர்களே "இது சாமி மாதிரி தெரியலையே" என்கிறார்கள் என்றால் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். அந்தக் கோயில் பெரியவர்களின் கருத்தை ஒரு மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல சிகிச்சையாளர். சூலு மக்களிடமும் இதே கேள்வி வருகிறது. மூதாதையர் அழைத்து ஒருவர் சங்கோமா என்ற மரபு வைத்தியராக மாறும் 'உக்குத்வாசா' காலத்தை வெறும் நோயாகப் படித்தால் அவரை இழந்துவிடுவார்கள். மரபு வைத்தியர்களை அங்கீகரிக்கும் சட்டமே 2007இல் வந்திருக்கிறது.

திருஷ்டி, செய்வினை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. தங்கை அதை மறுத்து வாதாட மாட்டாள். "யார் வெச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பாள். பதிலில் குடும்பத்தின் முழு வரைபடமும் வந்துவிடும்: எந்த மருமகளோடு பேச்சு நின்றது, எந்த வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது, யார் யாருடைய பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சின்னச் சமூகத்தில் இந்த வேலைக்கு இன்னொரு பாரம் இருக்கிறது. கேப் டவுனில் வெள்ளைக்காரச் சிகிச்சையாளர் ஒருவர் தன் நோயாளியைக் கடையில் பார்ப்பது எப்போதாவது நடக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற, டர்பனில் இந்தியர் நெருங்கி வாழும் இடங்களில் ஒவ்வொரு கல்யாணத்திலும் நடக்கும். ஒரு தைப்பூசத்தில் தங்கை பால்குடத்தோடு வரிசையில் நின்றாள். நாலு பேருக்கு முன்னால் அவளிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவர் காவடி தூக்கி நின்றார். விதி எளிது: நோயாளி முதலில் தலையசைத்தால் இவளும் அசைப்பாள், இல்லையென்றால் தெரியாதவர். அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் அம்மா, "அது நம்ம யூனிட் மூணு மாமா பையன்தானே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது பெரியம்மா" என்றாள். கோயிலுக்குள் நின்று பொய் சொன்னது அவளுக்கு நாள் முழுக்க உறுத்தியது. ஆனாலும் சொல்ல வேண்டிய பொய் அது.

இரகசியத்துக்கு எல்லை உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால், பிள்ளை ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று தெரிந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால் வெளியே சொல்லியாக வேண்டும். பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும் இன்னொன்று: பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு விளைவுகளைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால், சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் சட்டம் சொல்கிறது. "நான்தானே காசு கட்டுறேன், அவ என்ன சொன்னா சொல்லுங்க" என்று வரவேற்பறையில் சத்தம் போடும் அப்பாக்களைச் சமாளிப்பதும் வேலையின் ஒரு பகுதி.

இத்தனையும் கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்கிறவருக்கு என்ன ஆகும்? 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் எரிந்தது, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறியது. அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து டர்பன் பகுதியில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மாதங்களில் தங்கை கேட்ட கதையும் அவளுடைய சொந்தக் கதையும் ஒன்றாகவே இருந்தன. அவள் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை, அவள் தெருவிலும் ஆட்கள் இரவெல்லாம் காவல் நின்றார்கள். பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும், சிகிச்சையாளர் பாதுகாப்பான கரையில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே இருவரும் ஒரே வெள்ளத்தில் நிற்கிறார்கள். அவள் செய்தது, மேற்பார்வைக்குப் போவதை இரண்டு மடங்காக்கியது, நாளுக்கு ஐந்து பேருக்கு மேல் பார்ப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டது. வருமானம் குறைந்தது.

பணம் பெரிய தடைதான். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் நாட்டில் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான். அவர்களுக்கும் கடும் மனச்சோர்வு போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு, வருடத்துக்குப் பதினைந்து அமர்வு வரை அல்லது மூன்று வாரம் ஆஸ்பத்திரி என்பது சட்டப்படியான குறைந்தபட்சப் பலன். மற்றவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியின் வரிசை. அந்தப் பக்கம் அலட்சியம் எவ்வளவு கொடூரமாகப் போகும் என்பதை 2016இல் கௌட்டெங் மாகாணம் காட்டியது. செலவைக் குறைக்க லைஃப் எசிடிமெனி என்ற தனியார் பராமரிப்பு இல்லங்களிலிருந்து மனநோயாளிகளைத் தகுதியில்லாத இடங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் இறந்தார்கள், பசியிலும் குளிரிலும் கவனிப்பில்லாமலும்.

மொழியைப் பற்றி ஒன்று. இன்று ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் தமிழ், பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் வலி மட்டும் இன்னும் தமிழில் வருகிறது. ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று "மனசு பாரம்", "வயிறு எரியுது", "நெஞ்சு அடைக்குது" என்பார். தங்கை ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஆட்களின் பேரோ கதையோ அதில் கிடையாது, சொல் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் என் அம்மாவிடம் வந்து பொருள் கேட்பாள். 'வயிறு எரியுது' என்பது அல்சரா, பொறாமையா, பெற்ற பிள்ளையின் மேல் உள்ள ஆற்றாமையா? அம்மா அரை மணி நேரம் உதாரணம் சொல்வார். நோட்டின் முதல் பக்கத்தில் 'மாதிரி' என்று ஒரே ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறாள்.

யாரையாவது பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 'ஹீலர்', 'லைஃப் கோச்' என்று பலகை வைக்க எந்தப் பதிவும் தேவையில்லை. உளவியலாளருக்குத் தேவை. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பேரைப் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உளவியலாளரின் பதிவு எண் 'பி.எஸ்.' என்று தொடங்கும், பதிவு பெற்ற ஆலோசகருக்கு 'பி.ஆர்.சி.' முதல் அமர்வில் கட்டணம் எவ்வளவு, எந்த முறையில் வேலை செய்கிறார், குறிப்புகளை எங்கே வைக்கிறார் என்று கேட்பதில் தவறில்லை. இரண்டு மூன்று தடவை போயும் மனசு ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம். நல்லவர் கோபப்பட மாட்டார், வேறு ஒருவரின் பேரைத் தருவார். வயதானவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று போனிலேயே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், மொழிபெயர்க்க யார் உட்காரப் போகிறார் என்பதை அறைக்குள் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.